இடிந்த மதிலும் உப்பள வரப்பும்

தியானப் பகுதி: நெகேமியா 2:11-18





கைவிடப்பட்ட பழைய இடங்களைத் தேடி நண்பர்களோடு நடந்து செல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில் நம் திருச்சபை வாலிபரிடையே பெருகி வருகிறது. ஆளற்ற கோட்டை, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட இரயில் நிலையம், படகு வராத கால்வாய், கூரையில்லாத தேவாலயம் என்று விடுமுறை நாட்களில் குழுக்களாகப் புறப்படுகிறார்கள். இதைக் குறித்துச் சபை மூப்பர்கள் சிலர் என்னிடம் வருத்தத்தோடு பேசியதுண்டு. “இடிந்த சுவரைப் பார்ப்பதில் என்ன ஆத்தும லாபம், ஐயா? அந்த நேரத்தில் ஒரு ஜெபக்கூட்டம் நடத்தலாமே” என்பது அவர்கள் கேள்வி. வாலிபரோ, “இதில் என்ன தவறு?” என்று கேட்கிறார்கள்.

இரு தரப்பாருக்கும் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட விரும்புகிறேன். இடிபாடுகளைப் பார்க்கச் செல்வது நல்லது. கிறிஸ்தவர்கள் அதைச் செய்யவேண்டும். ஆனால் இப்போது நாம் செல்லும் விதம் போதாது. கல்லைப் பார்த்துவிட்டு, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் மனிதரைப் பார்க்காமல் திரும்புகிறோம். அப்படித் திரும்பும் நடை உலாவாக இருக்கலாம். திருமறை காட்டும் நடையாக இராது.

நெகேமியா எப்படி நடந்தார்?

நண்பர்களோடு இடிபாடுகளைப் பார்க்கப் போன ஒருவரின் கதை திருமறையிலேயே இருக்கிறது. நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் காத்திருக்கிறார். பின்பு ஓர் இரவில், சில மனிதரை மட்டும் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு வாகன மிருகத்தோடு புறப்படுகிறார். பள்ளத்தாக்கு வாசல் வழியாகச் சென்று, இடிந்த மதில்களையும் தீயில் எரிந்துபோன வாசல்களையும் பார்க்கிறார். ராஜாவின் குளத்தருகே வந்தபோது, அவர் ஏறியிருந்த மிருகம் கடந்துபோக இடமில்லாத அளவுக்கு இடிபாடு குவிந்திருந்தது. அங்கிருந்து ஆற்றோரமாய் ஏறிச் சென்று மதிலைத் தொடர்ந்து பார்வையிடுகிறார்.

13, 15ஆம் வசனங்களில் அவருடைய பார்வையைக் குறிக்க வரும் எபிரெயச் சொல் மேலோட்டமாகக் காண்பதைக் குறிப்பதன்று. கூர்ந்து ஆராய்வதைக் குறிப்பது. அவர் எவரிடமும் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். முதலில் பார்த்தார், பின்பே பேசினார். நம்மில் பலர் முதலில் படத்தைப் பதிவேற்றுகிறோம். பார்ப்பது பிறகு, நேரமிருந்தால்.

நெகேமியாவின் நூல் அந்த இரவு நடையோடு நின்றுவிடவில்லை. 2ஆம் அதிகாரத்தில் இடிபாட்டை ஆராய்கிறார். 3ஆம் அதிகாரத்தில் மதிலைக் கட்டியவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன. 5ஆம் அதிகாரத்தில், உயிரோடிருக்கும் ஏழைத் தொழிலாளரின் கூக்குரல் கேட்கப்படுகிறது. பார்த்தல், பெயர் சொல்லுதல், கூக்குரலுக்குச் செவிகொடுத்தல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்தால்தான் நடை முழுமையடைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, நம் ஊர்க் கடற்கரை ஒன்றுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

மரக்காணம் கடற்கரையில்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தைக் கடந்தே செல்லவேண்டும். சாலையோரத்தில் கண்ணாடித் துண்டுகளைப் போல வெயிலில் மின்னும் பாத்திகளும், வெண்மையான உப்புக் குவியல்களும் தெரியும். சங்க காலத்தில் ஓய்மா நாட்டின் துறைமுகமாகப் பேசப்பட்ட எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய பூமீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. தெற்கே கழுவெளி என்னும் பெரிய சதுப்பு நிலம். 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே சில மைல் தூரத்தில், கடப்பாக்கத்தை அடுத்து, ஆலம்பரைக் கோட்டை.

சில ஆண்டுகளுக்குமுன் மாசி மாதத்தில், என் பழைய நண்பர்கள் இருவரோடு இந்தப் பகுதியில் ஒரு நாள் முழுவதும் நடந்தேன். ஒருவர் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். மற்றவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். விடியற்காலையில் ஆலம்பரையில் தொடங்கினோம்.

ஆலம்பரைக் கோட்டை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முகலாயர் ஆட்சியின் பிற்காலத்தில், செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டது. அக்காலத்தில் இது துறைமுகமாக விளங்கியது. உப்பும் நெய்யும் துணியும் இங்கிருந்து கப்பலேறின. இங்கே நாணயச் சாலையும் இருந்தது. 1750இல் முசாபர் ஜங், தமக்கு உதவிய பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு இதை அன்பளிப்பாகக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றி இடித்துப்போட்டார்கள். எஞ்சிய சுவர்களையும் 2004ஆம் ஆண்டு சுனாமி மேலும் சிதைத்தது. இன்று வேர்கள் பிளந்த மதிலும், உப்பங்கழியை நோக்கிய உடைந்த கொத்தளமும் மிஞ்சியிருக்கின்றன. சுவரில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போன காதலரின் கையெழுத்துகள் நிறைய இருக்கின்றன. கட்டியவர் ஒருவருடைய பெயரும் இல்லை.

ஒரு நண்பருக்கு நன்றிக்கடனாக ஒரு கோட்டையையே கொடுக்க முடிந்த பிரபுக்கள் இருந்தார்கள். கொடுத்தவரும் போனார், வாங்கியவரும் போனார், பிடுங்கியவரும் போனார். கோட்டையின் பொருட்டுப் போரிட்டவர் எவருக்கும் கோட்டை நிலைக்கவில்லை. இதைச் சொல்லி, மண்ணுலக மகிமை மாயை என்று முடித்துவிடலாம். பிரசங்கங்களில் நாம் வழக்கமாக அப்படித்தான் முடிக்கிறோம். ஆனால் திருமறை அதோடு நிறுத்துவதில்லை. ஆபகூக் 2:11-12இல், சுவரிலிருக்கும் கல்லே கூப்பிடுகிறது, எதைக் குறித்து? மகிமையின் நிலையாமையைக் குறித்து அன்று. இரத்தப்பழியினாலும் அநியாயத்தினாலும் பட்டணம் கட்டப்பட்டதைக் குறித்து. ஆகவே இடிந்த சுவருக்கு முன் நிற்கும் கிறிஸ்தவன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, “இது எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!” என்பதாக இராமல், “இதைச் சுமந்தவர்கள் யார்?” என்பதாக இருக்கட்டும்.

பெயரில்லாதவர்கள் வெட்டிய கால்வாய்

ஆலம்பரையிலிருந்து தெற்கே நடந்தால் பக்கிங்காம் கால்வாயின் தடத்தைப் பின்தொடரலாம். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளமுள்ள உப்புநீர்க் கால்வாய் இது. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய சிறு கால்வாயாகத் தொடங்கி, படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. உப்பும் விறகும் நெல்லும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் இதில் சென்னைக்குச் சென்றன. காற்று இல்லாதபோது ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள்.

சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. அந்த ஆண்டுகளைக் கேட்டவுடன் நம் முன்னோருக்கு நெஞ்சு நடுங்கும். தாது வருடப் பஞ்சம் என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவந்த பெரும் பஞ்சம் அது. தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். பசித்தவர்களுக்குப் பிழைப்பளிக்கும் நிவாரண வேலையாகவே அந்தக் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும், அதன்மேல் ஓரணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ், கடின வேலை செய்பவன் இதில் உயிர்வாழ இயலாது என்று எதிர்த்து வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது.

கால்வாய் முடிந்தது. அதற்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண்வெட்டி பிடித்தவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

இங்கே நெகேமியா 3ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொதுவாக நாம் வாசிக்காமல் கடந்துபோகும் அதிகாரம் அது. பெயர்ப் பட்டியல் என்று சலித்துக்கொள்வோம். ஆசாரியர்கள், தட்டார், தைலக்காரர், வணிகர், நாட்டுப்புறத்தார் என்று ஒவ்வொருவரும் எந்த வாசலைக் கட்டினார், யாருக்கு அடுத்ததாகக் கட்டினார் என்று குறித்திருக்கிறது. சல்லூமோடு அவர் குமாரத்திகளும் மதில் கட்டினார்கள் என்பதை 12ஆம் வசனம் மறக்கவில்லை. தெக்கோவாவின் பிரபுக்கள் வேலைக்குத் தோள்கொடுக்கவில்லை என்பதையும் 5ஆம் வசனம் மறைக்கவில்லை. மதிலுக்கு அர்தசஷ்டா மன்னரின் பெயர் சூட்டப்படவில்லை. நெகேமியாவின் பெயரும் சூட்டப்படவில்லை. உழைத்தவர் பெயரை எழுதிவைப்பது தேவனுடைய ஆவியானவர் பயனற்றதென்று எண்ணாத ஒரு காரியம். நம் தேவாலய அடிக்கல்லில் பேராயர், போதகர், கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கொத்தனார் பெயர் பொறித்த ஒரு தேவாலயத்தையாவது நீங்கள் கண்டதுண்டா?

கால்வாய் ஏன் பாழானது? என்னோடு வந்த இரயில்வே நண்பர் சிரித்துக்கொண்டே, “எங்கள் துறைதான் இதைக் கொன்றது” என்றார். அதில் உண்மை உண்டு. 1870களில் தெற்கு நோக்கி இரும்புப்பாதை நீண்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 டிசம்பரில் இரயில் ஓடத் தொடங்கியது. விரைவாகச் செல்லும் வண்டி வந்தபின் மெதுவாகச் செல்லும் படகுக்கு வேலை குறைந்தது. பின்னர் லாரிகள் வந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைத் தூர்த்துவிட்டன. 2008இல் இது தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டும், இங்கே படகுகள் திரும்பவில்லை. ஆனாலும் 2004 சுனாமியின்போது இந்தக் கால்வாய் பல இடங்களில் கடல்நீரை வாங்கிக்கொண்டு, அப்பாலிருந்த ஊர்களைக் காத்தது என்று சொல்லப்படுகிறது. பஞ்சத்தில் பசியோடு வெட்டப்பட்ட பள்ளம், நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவர்கள் அறியாத சந்ததியாருக்கு அரணாக நின்றது. அவர்களுக்காக ஒரு நன்றி ஜெபமாவது நம் சபைகளில் ஏறெடுக்கப்பட்டதுண்டா?

தண்டவாளம் முடிந்த இடம்

கால்வாயை வென்ற இரயிலும் நிலைத்திருக்கவில்லை என்பதற்குத் தனுஷ்கோடி சாட்சி. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் மக்கள் சென்றுவந்தார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் இரயில் அலைகளில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் அனைவரும் மாண்டனர். ஊரும் அழிந்தது. அரசு அதை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அறிவித்தது. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மூன்றே நாட்கள் இருந்தன. அங்கிருந்த தேவாலயத்தில் அந்த ஆண்டு பண்டிகை ஆராதனை நடக்கவில்லை. அதன்பின் எந்த ஆண்டும் நடக்கவில்லை.

இன்று அந்தத் தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களுக்கு முன்பாகத் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகள் நடக்கின்றன. நம் சபைப் பிள்ளைகளும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியாயிருப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு கல்லறைத் தோட்டம். புலம்பல் என்னும் ஒரு நூலையே திருமறை தன்னுள் வைத்திருக்கிறது. பாழான நகரத்தின் நடுவே உட்கார்ந்து அழுவதும் ஆராதனைதான் என்று அது நமக்குக் கற்பிக்கிறது. படம் எடுப்பதற்குமுன் ஐந்து நிமிடம் மௌனமாய் நில்லுங்கள். மாண்டவர்களை நினைத்து ஒரு ஜெபம் செய்யுங்கள். அருகே குடிசை போட்டுக்கொண்டு இன்னும் அங்கேயே வலைவீசிப் பிழைக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அழிந்த ஊர் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

உயிரோடிருப்பவர்களின் கூக்குரல்

மீண்டும் மரக்காணத்துக்கு வருவோம். அன்று நண்பகலில் உப்பள வரப்பின்மேல் நடந்துகொண்டிருந்தோம். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு மரக்காணமும் தமிழகத்தின் முக்கியமான உப்பு விளையும் இடங்களில் ஒன்று. வரப்பில் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயார் எங்களைப் பார்த்து, “கோட்டைய பாக்கவா வந்தீங்க, ஐயா? வர்ற காரெல்லாம் அங்கதான் போவுது. இங்க யாரும் நிக்கறதில்ல” என்றார். குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நாங்கள் நின்றது அவருக்கு வியப்பாயிருந்தது.

உப்பு எவ்வாறு விளைகிறது என்பதை அறிந்தால் அவர் களைப்பு உங்களுக்குப் புரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து அடர்த்தியாக்குகிறார்கள். தரையின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, கட்டாந்தரையாக்கவேண்டும். இல்லாவிட்டால் நீர் உறிஞ்சப்பட்டுவிடும், உப்பில் மண் கலந்துவிடும். உப்புப் பூத்தபின் நீண்ட காம்புள்ள மரப்பலகையால் அதை வாரிக் கூட்டவேண்டும். பின்பு கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் குவிக்கவேண்டும். இந்த வேலைக்கு வெயில் கடுமையாக இருக்கவேண்டும். மற்றவர் நிழல் தேடும் நேரமே இவர்களுக்கு நல்ல நேரம். வெள்ளைப் பரப்பிலிருந்து திரும்பும் ஒளி கண்களைக் கூசச்செய்து கெடுக்கிறது. உப்புநீரில் ஊறிய பாதங்கள் வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு ஏறுகிறது.

இந்த வேலையும் ஆண்டு முழுவதும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது இந்தக் கடற்கரை முழுவதும் மழையில் தத்தளித்தது. மழை மாதங்களில் வாங்கிய கடனை வெயில் மாதக் கூலியில் கழிப்பது உப்பளக் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2022இல் தமிழ்நாடு அரசு, வேலையில்லாத மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அது வரவேற்கத்தக்கது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மூன்று மாதங்களுக்கு அந்தத் தொகையைப் பகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு ஒரு குடும்பத்துக்கு ஐம்பத்தைந்து ரூபாய்கூட வராது.

நெகேமியா 5ஆம் அதிகாரம் இதுவே. மதில் இன்னும் முடியவில்லை, சுற்றிலும் பகைவர். அந்த நேரத்தில் ஏழைகள் தங்கள் மனைவிகளோடு வந்து கூக்குரலிடுகிறார்கள். தானியம் வாங்க நிலத்தை அடகு வைத்தோம், வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்கிறார்கள். “முதலில் மதிலை முடிப்போம், இதைப் பிறகு பார்க்கலாம்” என்று நெகேமியா சொல்லவில்லை. கோபங்கொண்டு, சபையைக் கூட்டி, பிரபுக்களைக் கடிந்துகொண்டு, நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆளுநருக்குரிய படியையும் வாங்காதிருந்தார். 52 நாட்களில் முடிந்த மதிலைப் பற்றி நாம் பிரசங்கிக்கிறோம். நடுவிலிருக்கும் இந்த அதிகாரத்தைப் பற்றி அரிதாகவே பிரசங்கிக்கிறோம்.

மாற்கு நற்செய்தியிலும் இதே பாடம் இருக்கிறது. 12ஆம் அதிகாரத்தின் இறுதியில், ஏழை விதவை காணிக்கை போடுவதை இயேசு தம் சீடரை அழைத்துக் காட்டுகிறார். 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஆலயத்தை விட்டுப் புறப்படும்போது, சீடரில் ஒருவர் அந்தக் கட்டடத்தின் பெரிய கற்களை இயேசுவுக்குக் காட்டுகிறார். ஆண்டவர் மனிதரைக் காட்டினார். நாம் ஆண்டவருக்குக் கல்லைக் காட்டுகிறோம்.

இரண்டு மறுப்புகள்

முந்தின காரியங்களை நினைக்கவேண்டாம் என்று ஏசாயா 43:18 சொல்லுகிறதே, லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூணானாளே என்று சிலர் கேட்கலாம். லோத்தின் மனைவியின் குற்றம் நினைவன்று, ஏக்கம். அழிவுக்குரிய நகரத்தை அவள் உள்ளம் விட்டுவரவில்லை. அவளை நினைத்துக்கொள்ளும்படி லூக்கா 17:32இல் கட்டளையிடுபவர் நம் ஆண்டவரே. ஏசாயாவும் அதே நூலின் 46ஆம் அதிகாரத்தில், ஆதிமுதல் நடந்தவற்றை நினைக்கும்படி அழைக்கிறார். பழம்பெருமைக்காக ஏங்குவது வேறு. பழைய கண்ணீரை நினைத்து இன்று நேர்மையாய் நடப்பது வேறு.

மற்றொரு மறுப்பு, கூலியும் கடனும் அரசியல், போதகருக்கு அது எதற்கு என்பது. யாக்கோபு 5:4ஐ வாசியுங்கள். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது. கர்த்தர் கேட்கும் ஒரு சத்தத்தைப் போதகர் கேட்கக்கூடாது என்று எந்த உபதேசம் சொல்லுகிறது? லேவியராகமம் 2:13இன்படி உப்பில்லாமல் எந்தக் காணிக்கையும் இஸ்ரயேலில் ஏறெடுக்கப்படவில்லை. நம் பண்டிகை விருந்திலும் உப்பில்லாத பண்டம் இல்லை. “நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்” என்ற கருத்தில் எத்தனையோ பிரசங்கங்களை நாம் செய்தாயிற்று; உப்பை விளைவிப்பவரைக் குறித்து எத்தனை?

எசேக்கியேல் 47ஆம் அதிகாரத்தில் ஆலயத்திலிருந்து ஓடும் நதி சென்ற இடமெல்லாம் ஆரோக்கியம் பிறக்கிறது. ஆயினும் 11ஆம் வசனத்தில், சேற்றுநிலங்களும் சதுப்புகளும் மட்டும் மாற்றப்படாமல் உப்புக்காக விடப்படுகின்றன. இந்த வசனம் எனக்கு நெடுநாள் புதிராயிருந்தது. மரக்காணத்தில் அது தெளிந்தது. தேவன் புதிதாக்கும் உலகத்திலும் மக்களுக்கு உப்பு வேண்டும். அதை விளைவிக்கும் நிலத்துக்கு அவருடைய திட்டத்தில் இடம் உண்டு. நிலத்துக்கு இடமுண்டானால், அதில் நிற்கும் மனிதருக்கு இல்லாமற்போகுமா?

அப்படியானால் எப்படிச் செல்லலாம்?

வாலிபரே, செல்லுங்கள். சிறு குழுவாகச் செல்லுங்கள். நெகேமியா சிலரை மட்டுமே கூட்டிச் சென்றார். போகுமுன் அந்த இடத்தின் வரலாற்றை வாசியுங்கள். சுவரில் பெயர் கீறாதீர்கள். குப்பையை உங்களோடு திரும்பக் கொண்டுவாருங்கள். வேலை செய்பவரை அவர் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். அவருடைய வேலை உங்கள் படத்துக்குப் பின்னணி அன்று. வரப்பில் ஏறுமுன் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். முடிந்தால் அவர்களோடு உட்கார்ந்து தேநீர் அருந்துங்கள். உபதேசிக்க அவசரப்படாமல், கேளுங்கள்.

மூப்பர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த நடையைத் தடைசெய்யாமல், நீங்களும் உடன் வாருங்கள். உங்கள் சபை உப்பளத்துக்கு அருகில் இருந்தால், கோடை தொடங்குமுன் ஒரு கண் பரிசோதனை முகாம் நடத்துங்கள். கண்ணாடியும் காலுறைகளும் வாங்கிக்கொடுங்கள். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு நம் வாலிபர் எழுதிக் கொடுக்கட்டும். அக்டோபர் மாத அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை, அறுப்பு இல்லாத அந்தக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். உங்கள் சபை உப்பளத்துக்குத் தொலைவில் இருந்தால், உங்கள் ஊர்ச் செங்கற்சூளையும், நெசவுக் கூடமும், கல் குவாரியும் தொலைவில் இல்லை. அடுத்த முறை தேவாலயத்தைப் பழுதுபார்க்கும்போது, கொத்தனார், சித்தாள் ஆகியோரின் பெயர்களையும் ஒரு கல்லில் பொறியுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

நெகேமியாவின் இரவு நடை, எழுந்து கட்டுவோம் என்று மக்கள் ஒருமித்துச் சொன்னதில் முடிந்தது. நம் நடைகள் எதில் முடிகின்றன என்பதை இந்த வாரம் சிந்தியுங்கள்.

ஜெபம்

இரக்கமுள்ள ஆண்டவரே, இடிந்தவற்றைப் பார்க்கும் கண்களை எங்களுக்குத் தந்தீர். உழைப்போரைக் காணும் கண்களையும் தாரும். பெயரறியாமல் மாண்டவர்களின் பெயர்களை நீர் அறிந்திருக்கிறீர். அவர்களை மறவாத மக்களாக எங்களை ஆக்கும். உப்பளங்களில் வெயிலில் நிற்கும் உம்முடைய பிள்ளைகளின் கண்களையும் கால்களையும் காத்தருளும். மழைக்காலத்தில் அவர்கள் அடுப்பு அணையாதிருக்கச் செய்யும். அவர்களுடைய கூக்குரலுக்கு உம்முடைய திருச்சபை செவிகொடுக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் வழியாய் வேண்டுகிறோம், ஆமென்.